தோலும் லேசர் ஒளியும்

இன்று நகரங்களில் அழகு நிலையங்களின் பெயர்ப் பலகைகளில் 'லேசர்' என்னும் சொல் தவறாமல் இடம்பெறுகிறது. ரோமம் நீக்க, மங்கு போக்க, பரு விட்டுச்சென்ற குழிகளைச் சீராக்க, பச்சை குத்தியதை அழிக்க என எல்லாவற்றுக்கும் இதுவே கைகண்ட மருந்து என்கிறார்கள். அது எவ்வாறு வேலை செய்கிறது என்பதைத் தோழியர் அறிந்திருப்பது நல்லது.

1960-ஆம் ஆண்டில் அமெரிக்க விஞ்ஞானி தியோடர் மைமன், செயற்கை மாணிக்கக் கல்லைக் கொண்டு முதல் லேசர் ஒளியை உண்டாக்கினார். சில ஆண்டுகளுக்குள் சின்சினாட்டி நகரத்துத் தோல் மருத்துவர் லியோன் கோல்ட்மன் அதைத் தோலில் பயன்படுத்திப் பார்த்தார். ஆனால் சுற்றியுள்ள தோலும் வெந்துபோவது பெரிய இடைஞ்சலாக இருந்தது. இதற்கு வழி காட்டியவர்கள் ராக்ஸ் ஆண்டர்சன், ஜான் பாரிஷ் என்னும் இருவர். 1983-இல் அவர்கள் வெளியிட்ட கருத்து எளிமையானது. வெயிலில் கறுப்புத் துணி சீக்கிரம் சூடேறும். வெள்ளைத் துணி அவ்வாறு ஏறாது அல்லவா? அதுபோல, அழிக்க வேண்டிய பொருளின் நிறம் எந்த ஒளியை ஈர்க்குமோ அந்த ஒளியைத் தேர்ந்து, இமைப்பொழுதினும் குறைந்த நேரம் பாய்ச்சினால், அப்பொருள் மட்டும் சூடாகி அழியும், அக்கம்பக்கம் தப்பும். திராட்சை ரசம் சிந்தினாற்போல் முகத்தில் செந்நிறத் தடத்துடன் பிறக்கும் குழந்தைகளுக்கு இது ஒரு வரம். இரத்தம் ஈர்க்கும் மஞ்சள் ஒளியால் அத்தடத்தைப் பெரிதும் மங்கச் செய்கிறார்கள்.

ஆனால் நிறமே வழிகாட்டி என்பதில்தான் நமக்குச் சிக்கலும் இருக்கிறது. ரோமத்துக்குக் கருமை தரும் மெலனின் நம் மாநிறத் தோலிலும் நிறைய உண்டு. எது ரோமம், எது தோல் என்று ஒளிக்குத் தெரியுமா? வெள்ளையர் தோலுக்கு ஏற்ற அளவை அப்படியே நமக்கு வைத்தால் தோல் கொப்பளிக்கும். புண் ஆறிய பின்னும் கருமை மாதக்கணக்கில் நிற்கும். கரும்புள்ளியைப் போக்கப் போனவள் அதனினும் பெரிய கரும்புள்ளியோடு திரும்புவது இதனால்தான். ஆகவே ரோமம் நீக்குவதற்கு, மெலனின் குறைவாக ஈர்க்கும் 1064 நானோமீட்டர் அலைநீள ஒளியை மருத்துவர்கள் நம்மவர்க்குப் பெரிதும் பயன்படுத்துகின்றனர். முதலில் சிறிது இடத்தில் சோதித்துப் பார்ப்பதும், கண்களுக்குக் காப்புக் கண்ணாடி அணிவிப்பதும் அவர்கள் வழக்கம். நரைத்த ரோமத்தில் மெலனின் இல்லையாதலால் இந்த ஒளி அதைக் கண்டுகொள்வதே இல்லை. பாட்டிமார் செலவு செய்து ஏமாற வேண்டாம்!

"நிரந்தரமாகச் சிவப்பாகலாம்" என்ற விளம்பரத்தை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. மெலனினை உண்டாக்கும் செல்கள் தோலில் இருந்துகொண்டேதான் இருக்கின்றன. வெயில் பட்டதும் தோலைக் காப்பதற்காக அவை மீண்டும் வேலையைத் தொடங்கிவிடும். லேசரால் மங்கிய மங்கு, சில மாதங்களில் அதே கன்னத்தில் திரும்பத் தோன்றுவது சர்வ சாதாரணம்.