மரக் கைவினைப் பொருள்களின் கண்காட்சி விற்பனை

மரக் கைவினைப் பொருள்களின் கண்காட்சி விற்பனை என்பது மரத்தில் பொம்மை, சிற்பம், சமையல் கரண்டி, பம்பரம், பெட்டி போன்றவற்றைச் செய்யும் கைவினைஞர், இடைத்தரகரோ கடையோ இன்றி, சந்தை, திருவிழா, கைவினைக் கண்காட்சி ஆகியவற்றில் தாமே அரங்கு அமைத்து விற்கும் முறையாகும். செய்தவரும் வாங்குபவரும் நேரில் சந்திப்பது இதன் சிறப்பு. அரங்கு வாடகை, பயணம், தங்கும் செலவு ஆகியவற்றைக் கைவினைஞரே ஏற்க வேண்டியிருப்பது இதன் சுமை. நன்றாக விற்ற கண்காட்சியிலும் உழைப்புக்குரிய கூலி கிடைக்காமல் போவதுண்டு. இதற்கான காரணத்தை விலைக் கணக்கு காட்டும்.

மரமும் தொழில் மையங்களும்

தென்னிந்தியாவில் மரக் கைவினைக்குப் பெயர்பெற்ற ஊர்கள் பல உள்ளன. தமிழ்நாட்டில் பெரம்பலூர் மாவட்டம் அரும்பாவூரும் சேலம் மாவட்டம் தம்மம்பட்டியும் மரச் சிற்பங்களுக்குப் பெயர்பெற்றவை. இவ்விரு ஊர்ச் சிற்பங்களும் புவிசார் குறியீடு பெற்றுள்ளன. திருநெல்வேலி மாவட்டம் அம்பாசமுத்திரத்தின் மரச் சொப்புச் சாமான்கள் குழந்தைகளின் விளையாட்டில் நெடுங்காலமாக இடம்பெற்று வருகின்றன. ஆந்திரத்தின் கொண்டபள்ளி பொம்மைகள் தெல்ல பொணிக்கி என்னும் எடை குறைந்த மரத்தில் செதுக்கப்படுகின்றன.

கர்நாடகத்தின் சென்னப்பட்டணத்தில் வெட்பாலை மரம் பயன்படுகிறது. மரத்துண்டைக் கடைசல் எந்திரத்தில் சுழலவிட்டு உளியால் உருவம் கொடுப்பர். பின்னர், சுழலும் மரத்தின் மீது வண்ண அரக்குக் குச்சியை அழுத்துவர். உராய்வின் வெப்பத்தில் அரக்கு உருகி மரத்தில் படியும். இறுதியாகத் தாழை ஓலையால் தேய்த்து மெருகேற்றுவர்.

எந்த ஊர்ப் பொருளானாலும் மரம் நன்கு உலர்ந்திருக்க வேண்டும். ஈரமுள்ள மரத்தில் செய்த கிண்ணம் கண்காட்சியில் அழகாகத் தோன்றும். வாங்கியவர் வீட்டில் சில வாரங்களில் அது வெடிக்கவோ கோணவோ கூடும். வாங்கியவர் மறு ஆண்டும் அதே அரங்கைத் தேடி வருவாரா என்பதை இதுவே முடிவு செய்கிறது.

விற்பனைக் களங்கள்

தமிழ்நாடு கைத்திறத் தொழில்கள் வளர்ச்சிக் கழகம் 'பூம்புகார்' என்ற பெயரில் விற்பனை நிலையங்களை நடத்துகிறது. நவராத்திரியை ஒட்டி அது நடத்தும் கொலு பொம்மைக் கண்காட்சிகள் மரப் பொம்மைகளுக்கும் முக்கியமான பருவமாகும். சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் உள்ள தட்சிணசித்ராவிலும் கைவினைஞர்கள் தம் பொருள்களை விற்கின்றனர்.

தேசிய அளவில், அரியானாவின் சூரஜ்கண்ட் கைவினை மேளா 1987 முதல் நடந்து வருகிறது. தில்லியில் 1994-இல் திறக்கப்பட்ட தில்லி ஹாட்டில், பல மாநிலக் கைவினைஞர்களுக்கு முறைவைத்துக் குறுகிய காலத்திற்கு அரங்குகள் ஒதுக்கப்படுகின்றன. இவை தவிர, கோயில் திருவிழாக் கடைகள், கல்லூரி வளாகச் சந்தைகள், அடுக்குமாடிக் குடியிருப்புகளின் வார இறுதிச் சந்தைகள் ஆகியவையும் உள்ளன. புதிதாகத் தொடங்குவோர் சொந்த ஊருக்கு அருகிலுள்ள சிறு சந்தைகளில் விற்றுப் பார்த்தபின் தொலைவிடங்களுக்குச் செல்வது செலவைக் குறைக்கும்.

விலை நிர்ணயம்

கைவினைஞர் பலர் மரத்தின் விலையையும் வண்ணத்தின் விலையையும் கணக்கிடுவர். தம் நேரத்தைக் கணக்கிடமாட்டார்கள். விலையில் நான்கு கூறுகள் சேர வேண்டும்: மூலப்பொருள், உழைப்பு நேரத்துக்கான கூலி, மின்சாரம் மற்றும் கருவித் தேய்மானம், விற்பனைச் செலவு.

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். ஒரு பொம்மைக்கு மூலப்பொருள் 65 ரூபாய். மின்சாரமும் தேய்மானமும் 15 ரூபாய். செய்ய ஆகும் நேரம் ஒன்றரை மணி. ஐந்து நாள் கண்காட்சிக்கு வாடகை, பயணம், தங்கல், உணவு எல்லாம் சேர்த்து 15,000 ரூபாய். பேரம் பேசியபின் ஒரு பொம்மை 250 ரூபாய்க்கு விற்கிறது.

150 பொம்மைகள் விற்றால் கையில் 37,500 ரூபாய் வரும். இதில் பொருள், மின்சாரம், தேய்மானத்துக்கு 12,000 ரூபாயும் கண்காட்சிக்கு 15,000 ரூபாயும் கழித்தால் மிஞ்சுவது 10,500 ரூபாய். பொம்மைகளைச் செய்த நேரம் 225 மணி. அரங்கில் நின்ற நேரம் நாளுக்குப் பத்து மணியாக 50 மணி. ஆக, 275 மணி உழைப்புக்கு மணிக்குச் சுமார் 38 ரூபாய்தான் கிடைக்கிறது.

80 பொம்மைகள் மட்டுமே விற்றால் கையில் 20,000 ரூபாய் இருக்கும்; ஆனால் கூலியைச் சேர்க்காமலேயே 1,400 ரூபாய் நட்டம். இந்தக் கணக்கில் 89 பொம்மைகள் விற்ற பிறகே செலவு ஈடாகிறது. அதன்பின் விற்கும் ஒவ்வொன்றிலும்தான் கூலி தொடங்குகிறது. விற்ற தொகையை வருமானம் என்று எண்ணுவது இத்தொழிலின் பெரும் பிழையாகும். இப்பிழையால் ஆண்டுதோறும் உழைத்தும் கடனில் இருக்கும் கைவினைஞர், தொழிலைத் தம் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கத் தயங்குகிறார்.

இதைச் சீராக்க மூன்று வழிகள் உண்டு. ஒன்று, விலையை உயர்த்தி, அதற்கான காரணத்தை வாங்குபவருக்கு விளக்குதல். இரண்டு, ஒரே ஊரைச் சேர்ந்த இருவர் அரங்கையும் வண்டியையும் பகிர்ந்துகொள்ளுதல். மூன்று, குறைந்த நேரத்தில் செய்யக்கூடிய பம்பரம், சாவிக்கொத்து போன்ற சிறு பொருள்களைப் பெரிய பொருள்களுடன் சேர்த்து வைத்தல்.

அரங்கு அமைப்பு

எல்லாவற்றையும் ஒரே மேசையில் பரப்பினால் எதுவும் கண்ணில் படாது. கொலுப் படிபோல அடுக்கி, சிறந்த பொருளைக் கண்மட்டத்தில் வைப்பது நல்லது. குழந்தைகளுக்கான பொருள்கள் அவர்கள் கைக்கு எட்டும் உயரத்தில் இருக்கலாம். மரப் பொருளைத் தொட்டுப் பார்த்தே பலர் வாங்குவதால், தொடாதீர்கள் என்ற பலகை விற்பனையைக் கெடுக்கும்.

ஒவ்வொரு பொருளிலும் விலைச்சீட்டு இருக்க வேண்டும். விலை கேட்கத் தயங்குவோர் பேசாமல் நகர்ந்துவிடுவர். எந்த மரம், எவ்வளவு நேரத்தில் செய்தது, எப்படிப் பராமரிப்பது என்பதைச் சிறு அட்டையில் எழுதி வைக்கலாம். கரண்டி, கிண்ணம் போன்றவற்றை நீரில் ஊறவிடக் கூடாது என்பதைச் சொல்லிக் கொடுப்பதும் விற்பனையின் பகுதியே. அரங்கிலேயே செதுக்கிக் காட்டினால் கூட்டம் நிற்கும். விலையின் நியாயமும் தானே விளங்கும். சில்லறையுடன் யுபிஐ கட்டண வசதியும் இன்று இன்றியமையாதது.

சட்டமும் பதிவும்

இந்தியாவில் 14 வயதுக்குட்பட்டோருக்கான விளையாட்டுப் பொருள்களுக்கு 2021 சனவரி 1 முதல் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் தரமுத்திரை கட்டாயமாக்கப்பட்டது. கைவினை வளர்ச்சி ஆணையரிடம் பதிவுசெய்த கைவினைஞர்கள் தாமே செய்து விற்கும் பொம்மைகளுக்கு இதிலிருந்து விலக்கு உண்டு. எனவே அவ்வலுவலகம் வழங்கும் 'பெஹ்சான்' அடையாள அட்டை மரப் பொம்மை செய்வோருக்கு மிகவும் பயன்படும். முத்திரை கட்டாயமில்லை என்பதற்காகப் பாதுகாப்பைக் கைவிட முடியாது. கூர்முனை, எளிதில் கழன்று விழும் சிறு துண்டு, நச்சு வண்ணம் ஆகியவை குழந்தைகளின் பொம்மையில் இருக்கக் கூடாது.

ஈட்டி, சந்தனம் போன்ற மரங்களுக்குச் சட்டக் கட்டுப்பாடுகள் உள்ளதால், மரம் வாங்கிய இரசீதைப் பாதுகாத்து வைப்பது அவசியம்.

சிக்கல்கள்

தொழிற்சாலைப் பொருளை மொத்தமாக வாங்கி வந்து கைவினை என்று விற்கும் வணிகர்களும் கண்காட்சிகளில் இடம்பிடிக்கின்றனர். அவர்களின் குறைந்த விலை, உண்மையான கைவினைஞரின் விலையை மிகையாகக் காட்டுகிறது. அடையாள அட்டையைச் சரிபார்த்து அரங்கு ஒதுக்கும் கண்காட்சிகளில் இச்சிக்கல் குறையும். மழை, எதிர்பாராத கூட்டக் குறைவு, வழியில் பொருள் உடைதல் ஆகியவை பிற இடர்கள்.

கண்காட்சிக்குப் பின்

கண்காட்சியின் பயன் அங்கு விற்றவற்றோடு முடிவதில்லை. முன்பணத்துடன் வரும் தனி ஆணைகள், பள்ளிகளும் நிறுவனங்களும் மொத்தமாகக் கேட்கும் பரிசுப் பொருள்கள் ஆகியவற்றுக்கு அரங்கு வாடகை இல்லை. இதற்காக வாங்குவோரின் கைப்பேசி எண்ணை அவர்கள் ஒப்புதலுடன் குறித்துக்கொள்ள வேண்டும். எந்தப் பொருள் எத்தனை விற்றது, எதை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார்கள் என்பதை அன்றன்று குறித்து வைத்தால், அடுத்த கண்காட்சிக்கு எதைச் செய்வது, எந்த விலை வைப்பது என்பதை ஊகிக்காமல் முடிவு செய்யலாம்.