கையும் வேண்டும், வெளிச்சமும் வேண்டும்

தாழ்வுபாட்டில் ஒரு வீடு. பிறந்து மூன்று நாளான குழந்தையின் முகமும் நெஞ்சும் மஞ்சளாக இருந்தன. "வெயிலில காட்டி, எண்ணெய் தடவி உருவினால் மாறிடும்" என்றார் அம்மம்மா. தாய் பேசவில்லை. 2008 இடப்பெயர்வில் முதற் பிள்ளையை இழந்தவர் அவர்.

"ஆஸ்பத்திரிக்குப் போவம் அக்கா" என்றேன். மன்னார் வைத்தியசாலையில் இரத்தம் சோதித்து, குழந்தையை நீல ஒளியின் கீழ் வளர்த்தினார்கள்.

"நான் சும்மா பாத்துக்கொண்டா இருக்கிறது, மிஸ்?" என்று தாய் அழுதார்.

சும்மா இருக்கத் தேவையில்லை. பிலிருபின் என்னும் மஞ்சள் பொருள் பெரும்பாலும் மலத்துடனேயே வெளியேறுகிறது. ஆகவே நாளுக்கு 8 முதல் 12 தடவை தாய்ப்பால் கொடுங்கள். தாதியிடம் கேட்டு, பால் குடித்த உடனே அல்லாமல், வயிற்றை வலஞ்சுழியாகவும் கைகால்களை மெதுவாகவும் வருடிவிடுங்கள். இது மலம் கழிய உதவும். ஒளிச் சிகிச்சையுடன் இதைச் செய்தபோது மஞ்சள் சற்று விரைவாகக் குறைந்ததைச் சிறிய ஆய்வுகள் சில காட்டியுள்ளன. ஒளியின் கீழ் வைக்கும்போது எண்ணெய் பூச வேண்டாம்.

அம்மம்மா சொன்ன வெயிலிலும் உண்மை உண்டு. 1956இல் இங்கிலாந்தில் ஜீன் வார்ட் என்ற தாதி, வெயில்பட்ட இடத்தில் குழந்தையின் மஞ்சள் குறைந்ததைக் கண்டார். ஒளிச் சிகிச்சை அதிலிருந்தே பிறந்தது. ஆனால் வெயிலோ உருவுதலோ அதற்கு ஈடாகாது.

பிறந்து 24 மணித்தியாலத்துக்குள் மஞ்சள் தெரிந்தால், உள்ளங்கால் மஞ்சளானால், பால் குடிக்காமல் சோர்ந்தால், மலம் வெளுத்தால் தாமதிக்காதீர்கள். மஞ்சள் மிகுந்தால் மூளையும் செவியும் பாதிக்கப்படும்.

பிள்ளை வீடு திரும்பியபின் அம்மம்மாவே அயலவருக்குச் சொல்கிறார்: "கையும் வேணும், லைற்றும் வேணும்."