எட்டிப் பாயும் வெளிச்சம்

வீட்டுப் பட்டறை – 14

சென்ற வாரம் இஸ்திரிப் பெட்டியோடு நிறுத்தியிருந்தோம். இந்த வாரம் பரணில் கிடக்கும் இரண்டு கட்டை டார்ச்சை இறக்கி வையுங்கள். முலாம் உரிந்த பித்தளை உடம்பு என்றால் இன்னும் நல்லது. அதைப் பழைய இரும்புக்காரரிடம் போடாதீர்கள். அதன் முகப்பில் இருக்கும் அகலமான ரிஃப்ளெக்டர், இன்று கடையில் தொங்கும் பல உள்ளங்கை டார்ச்சுகளில் கிடையாது. தூரம் பாய்வதற்கு முதலில் வேண்டியது அதுதான்.

பாம்பு கிடக்கும் வரப்பில் நடக்கப் பத்தடி வெளிச்சம் போதும். கூடலூர், சத்தியமங்கலம் பக்கம் காட்டோரத் தோட்டத்தில் யானைக்குக் காவல் இருப்பவருக்கோ நூறு மீட்டருக்கு முன்பே உருவம் தெரிந்தாக வேண்டும். இரண்டும் வேறு வேறு தேவைகள். பல்பு மொத்தமாகக் கொட்டும் ஒளியை லூமனில் அளக்கிறார்கள். ஒரு திசையில் அது எவ்வளவு குவிந்து போகிறது என்பதைக் கேண்டலாவில். 2009இல் அமெரிக்காவில் வந்த எஃப்.எல்.1 தர அளவுப்படி, வெளிச்சம் 0.25 லக்ஸாக, ஏறத்தாழ முழுநிலா அளவுக்குக் குறையும் இடம்வரைதான் டார்ச்சின் தூரம். கேண்டலாவின் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்கினால் அது கிடைத்துவிடும். 2,500 கேண்டலாவுக்கு 100 மீட்டர். 200 மீட்டர் வேண்டுமானால் 10,000 கேண்டலா. தூரம் இரட்டிப்பாக ஒளிச்செறிவு நான்கு மடங்காக வேண்டும். அதற்குச் சிறிய, கூர்மையான ஒளிப்புள்ளியும் அதைக் குவிக்க அகன்ற ரிஃப்ளெக்டரும் தேவை. ஒன்பது எல்.இ.டி.யைப் பரப்பி வைத்த டார்ச் கண்ணுக்குப் பளிச்சென்று இருந்தும் தோட்டத்தின் மறுகோடியை எட்டாததற்குக் காரணம் இதுவே.

பல்பை மாற்றுவதற்கு முன் மின்சாரம் போகும் வழியைச் சுத்தம் செய்யுங்கள். பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கு இதுதான் முக்கால் வேலை. இரண்டு கட்டை டார்ச்சின் பழைய குண்டு பல்பு 2.38 வோல்ட், அரை ஆம்பியர். ஸ்பிரிங்கிலும் சுவிட்ச் தகட்டிலும் மூடியின் மரையிலும் களிம்பு ஏறி 0.8 ஓம் தடை சேர்ந்தால் 0.4 வோல்ட் அங்கேயே வீணாகும். மின்னழுத்தத்தில் ஆறில் ஒரு பங்குதானே என்று நினைக்காதீர்கள். குண்டு பல்பில் அந்த இழப்புக்கே வெளிச்சம் ஏறக்குறையப் பாதியாகிவிடும். நைசான உப்புத்தாளால் தேய்த்து உலோகம் மின்னும்வரை எடுங்கள். அல்கலைன் கட்டை கசிந்து வெள்ளை பூத்திருந்தால் எலுமிச்சைச் சாறு தொட்ட துணியால் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள்.

ரிஃப்ளெக்டரை மட்டும் தேய்க்கக் கூடாது. அதன் பளபளப்பு மிக மெல்லிய உலோகப் பூச்சு. துணி பட்டாலே கீறும். காற்றை ஊதித் தூசியை விரட்டினால் போதும். முகப்புப் பிளாஸ்டிக் மஞ்சளித்திருந்தால் கண்ணாடிக் கடையில் அதே அளவுக்கு வட்டமாக வெட்டி வாங்கிப் போடலாம்.

இனி பல்பு. பழைய காலர் அடிப்பாகத்திலேயே பொருந்தும் எல்.இ.டி. பல்புகள் கிடைக்கின்றன. வெள்ளை எல்.இ.டி.க்கு ஏறத்தாழ 3 வோல்ட் வேண்டும். இரண்டு கட்டை புதிதாக இருக்கும்போதுதான் அதைத் தரும். எனவே மின்னழுத்தத்தை உயர்த்தும் சர்க்யூட் உள்ளே இருக்கும் பல்பாகப் பார்த்து வாங்குங்கள். மாட்டியதும் இருட்டில் தூரத்துச் சுவரில் அடித்துப் பாருங்கள். நடுவில் கருவட்டம் விழுந்தால் ஒளிப்புள்ளி குவியத்தில் உட்காரவில்லை. தலை திருகும் டார்ச் என்றால் திருகிச் சரிசெய்யலாம். இல்லையேல், புள்ளி முன்தள்ளி இருக்கும்போது காலருக்கும் ரிஃப்ளெக்டருக்கும் நடுவே மெல்லிய பித்தளை வாஷர் ஒன்றைக் கொடுங்கள். காகித வாஷர் வேண்டாம். பல டார்ச்சுகளில் காலர் வழியாகத்தான் மின்சாரம் திரும்புகிறது.

அதிக வாட் பல்புக்கு ஆசைப்பட வேண்டாம். அந்தக் குட்டிக் கழுத்தில் சூடு வெளியேற வழியில்லாமல், சற்று நேரத்திலேயே ஒளி மங்கும். பழைய லேப்டாப் பேட்டரியைப் பிரித்தெடுத்த லித்தியம் செல்களைப் பாதுகாப்பு சர்க்யூட் இல்லாமல் இந்த உலோகக் குழாய்க்குள் போடவே போடாதீர்கள். ஷார்ட் ஆனால் கையிலேயே தீப்பிடிக்கும்.

வேலை முடிந்து டார்ச்சை நாள்கணக்கில் உள்ளே வைப்பதானால், கட்டைகளைக் கழற்றித் தனியாக வையுங்கள். நல்ல டார்ச்சுகள் பலவும் கெட்டது கசிந்த கட்டையால்தான்.