உரம் வேண்டாத குடுவைச் செடி

உரம் போட்டால் செடி செழிக்கும் என்று படித்திருக்கிறீர்கள். வேரில் உரம் போட்டால் நலிந்துபோகும் செடியும் உண்டு, தெரியுமா? மேகாலயாவின் காரோ, காசி, ஜெயந்தியா மலைகளில் வளரும் குடுவைச் செடிதான் அது. இந்தியாவில் இயற்கையாக வளரும் நெப்பந்தஸ் இனம் இது ஒன்றே. காரோ மக்கள் இதனைப் 'பேயின் கூடை' என்கின்றனர்.

இது வளரும் மண்ணில் நைட்ரஜன் மிகக் குறைவு. அக்குறையைக் குடுவை ஈடுசெய்கிறது. இலை நுனி நீண்டு குடுவையாகிறது. அதன் விளிம்பில் சுரக்கும் தேனை நாடிவரும் எறும்பு வழுக்கி உள்ளே விழுகிறது. உள்ளிருக்கும் நீரில் கலந்துள்ள நொதிகள் அதைச் செரிக்கின்றன. நைட்ரஜன் செடிக்குக் கிடைத்துவிடுகிறது!

இதனை வளர்ப்பது எப்படி? தேங்காய் மட்டைத் துண்டு, பாசி, பருமணல் மூன்றையும் கலந்து தொட்டியை நிரப்புங்கள். மழைநீரையே ஊற்றுங்கள், உப்பு மிகுந்த கிணற்று நீர் வேரைக் கெடுக்கும். நல்ல வெளிச்சம் வேண்டும். உச்சி வெயில் கூடாது. காற்றில் ஈரம் குறைந்தால் புதிய குடுவை தோன்றாது. குடுவைக்குள் இறைச்சி போடாதீர்கள். அது அழுகிக் குடுவையையும் கெடுத்துவிடும்.

ஒன்றை மட்டும் மறவாதீர்கள். காட்டில் இச்செடி அழியும் நிலையில் இருக்கிறது. மலையிலிருந்து பிடுங்கி வந்த செடியை வாங்காதீர்கள். விதையிலோ திசு வளர்ப்பிலோ உருவான கன்றையே கேட்டு வாங்குங்கள்.