நூறு கோடியில் ஒன்று

காணாமற்போன ஓர் ஆட்டைத் தேடி, 99 ஆடுகளையும் விட்டுச் சென்ற ஆயனின் உவமையை நாம் அறிவோம். நூறில் ஒன்றைத் தேடுவதே அரிது. நூறு கோடியில் ஒன்றைத் தேடுவது எங்ஙனம்? இவ்வினாவுக்கு விடைகாண மருத்துவ அறிஞர் சிலர் உழைத்து வருகின்றனர்.

புற்றுநோய்க் கட்டியிலிருந்து சில உயிரணுக்கள் பிரிந்து, இரத்தத்தோடு கலந்து சென்று, வேறோர் உறுப்பில் தங்கிக் கட்டியாக வளர்வதுண்டு. 1869-ஆம் ஆண்டிலேயே ஆஸ்திரேலிய மருத்துவர் தாமஸ் ஆஷ்வர்த், இறந்துபோன நோயாளி ஒருவரின் இரத்தத்தில் இத்தகைய அணுக்களைக் கண்டு எழுதினார். ஆயினும் அவற்றைப் பிரித்தெடுத்தல் எளிதன்று. ஒரு மில்லிலிட்டர் இரத்தத்தில் ஏறத்தாழ 500 கோடி சிவப்பணுக்கள் உள்ளன. அவற்றினிடையே இவை மிகச் சிலவே.

அமெரிக்காவில் பாஸ்டன் நகரின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில், மெமெட் டோனர், டேனியல் ஹேபர் ஆகியோரின் குழுவினர் 2007-இல் சிறியதொரு சிலிக்கன் சில்லை அமைத்தனர். அதில் 78,000 நுண்தூண்கள். அவற்றின்மேல் பூசப்பட்ட எதிர்ப்புப் புரதம், அவ்வழியே செல்லும் புற்றணுவைப் பற்றிக்கொள்ளும். ஆனால் அப்புரதம் அறியும் அடையாளம் இல்லாத புற்றணுக்கள் தப்பிவிடுமே!

எனவே, 2013-இல் அவர்கள் வெளியிட்ட கருவி வேறு வழியை மேற்கொண்டது. முதலில் வெள்ளணுக்களின்மேல் நுண்ணிய காந்த மணிகளை ஒட்டச் செய்கின்றனர். இரத்தம் நுண்தூண்களிடையே பாய்கையில், அளவில் சிறிய சிவப்பணுக்கள் விலக்கப்படுகின்றன. எஞ்சியவை வளைந்து செல்லும் வாய்க்காலில், ஓட்டத்தின் விசையாலேயே, நற்கருணை பெறச் செல்லும் மக்களைப்போல் ஒரே வரிசையாகின்றன. இறுதியில் காந்தம் வெள்ளணுக்களை ஒருபுறம் இழுத்துவிட, தேடிய அணு சிதையாமல் கிடைக்கிறது.

இதனால் பயன் என்ன? உடலின் திசுவை மீண்டும் மீண்டும் வெட்டியெடுக்காமல், நோய் எம்மருந்துக்கு அடங்கும் என்பதை இரத்தத்தைக் கொண்டே அறிய வேண்டும் என்பதே ஆய்வாளரின் நோக்கம். எனினும், இத்தகைய கருவி வழக்கமான பரிசோதனைகளுக்கு மாற்றாகிவிடவில்லை. ஆகவே மார்பில் தோன்றிய கட்டியையோ, ஆறாத வாய்ப்புண்ணையோ, வெட்கத்தாலும் அச்சத்தாலும் மறைத்து நாட்கடத்துதல் தகாது. வீட்டில் நவநாள் செபம் தொடங்குவோம். அன்றே மருத்துவரையும் நாடுவோம்.

ஆயன் தேடியது அன்புக்குரிய ஆட்டை. இவர்கள் தேடுவதோ உயிர்ப்பகையை. எனினும் இரு தேடல்களுக்கும் காரணம் ஒன்றே: ஒருவரும் இழக்கப்படலாகாது. நம் இல்லத்தில் நோயுற்றிருப்பவரை நாம் அவ்வாறு எண்ணுகின்றோமா?