நனையாச் செடிக்கு நீர் வார்த்தல்

பெல்மதுளையில் இருந்துகொண்டு செடிக்கு நீர் வார்ப்பதைப் பற்றி எழுதுவது கொல்லன் தெருவில் ஊசி விற்பதை ஒக்கும் என்று நேயர்கள் நகைக்கலாம். நமக்கு அணித்தான இரத்தினபுரி நகரில் ஆண்டொன்றுக்கு 3,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பொழிகின்றது. மதிலிலும் மைற்கல்லிலும் பாசி படர்கின்றது. தேயிலை மலையில் மண் வெட்டிய சரிவுகளிலெல்லாம் பன்னம் தானே முளைத்துத் தழைக்கின்றது. (தமிழகத்தார் இதனைப் பெரணி என்பர், நம் பாடநூல்கள் பன்னம் என்று வழங்குவதால் நானும் அச்சொல்லையே ஆளுகின்றேன்.) ஆயினும், சரிவிலே யாரும் பேணாமல் வளர்ந்த அந்தப் பன்னத்தைப் பெயர்த்துத் தொட்டியில் நட்டு, பாடசாலை விறாந்தையில் வைத்து, நாள் தவறாமல் நீரூற்றி வந்தால், மூன்று மாதத்தில் அது கருகி விடுகின்றது. மழை நாட்டிலே, நீர் வார்த்தும் செடி சாவது எவ்வாறு? ஆராயத் தக்க கேள்வி இது.

பன்னங்களுள் மென்மையிற் சிறந்தது ஒன்றுண்டு. மயிரிழை போன்ற கருந்தண்டும் விசிறி போன்ற சிற்றிலைகளும் உடையது. ஆங்கிலேயர் மெயிடன்ஹெயர் என்று கன்னியின் கூந்தலோடு அதனை ஒப்பிட்டனர். தாவர நூலார் அதற்கு இட்ட பெயர் அடியாந்தம். இது கிரேக்கச் சொல்லின் வழி வந்தது. ‘நனையாதது’ என்பது பொருள். சிற்றிலையின்மேல் விழும் நீர் ஒட்டாமல் உருண்டோடி விடுவதால் வந்த பெயர். ஈரமின்றி ஒரு வாரமும் வாழமாட்டாத செடிக்கு ‘நனையாதது’ என்று பெயர் வைத்த முன்னோரின் கூர்மையை நான் பலகால் வியந்ததுண்டு. ஈரம் வேறு, நனைதல் வேறு என்பதை அப்பெயர் ஒன்றே உணர்த்தி விடுகின்றது. நம் மொழியிலும் ஈரம் என்பது நீரை மட்டும் குறிப்பதன்று. அன்பையும் அச்சொல்லாற் சுட்டினர் நம் பெரியோர்.

வேருக்கு நீர் வேண்டும். அதே அளவுக்குக் காற்றும் வேண்டும். மண்ணின் நுண்ணிய இடைவெளிகளிலே தங்கிய காற்றைக் கொண்டே வேர் உயிர்க்கின்றது. அவ்விடைவெளிகள் முழுவதையும் நீர் அடைத்துக் கொண்டால் வேர் மூச்சற்று அழுகும். அழுகிய வேர் நீரை உறிஞ்ச வல்லதன்று. ஆகவே சேற்றிலே நின்றுகொண்டே இலை வாடும். வாடிய இலையைக் கண்டவர், தாகம் போலும் என்று இரங்கி மேலும் ஒரு செம்பு ஊற்றுவர். தொட்டிச் செடிகளுக்கு நேரும் கேடுகளில் இதனினும் பரிதாபமானதை நான் அறியேன். அன்பே நஞ்சாகும் இடம் அது. சரிவிலே நின்ற செடிக்கு இத்துன்பம் இல்லை. எத்துணை மழை பெய்தாலும் நீர் வழிந்தோடி விடும். வேரைச் சூழ்ந்து ஈரமும் காற்றும் கலந்தே நிற்கும். நம் ஊர் மாணிக்கக் குழியில் இறங்குவோர் ஊறும் நீரை இறைத்துக்கொண்டே அல்லவா அகழ்கின்றனர்? தொட்டியின் அடித்துளை அந்த இறைப்புக்கு ஒப்பானது. அது அடைபட்டால் யாவும் கெட்டது.

செடி எவ்வளவு நீரை வேண்டும் என்பதற்கு ஓர் அழகிய விடை இலண்டனிலே தற்செயலாகக் கிடைத்தது. 1829ஆம் ஆண்டு நதானியல் வார்ட் என்ற மருத்துவர், அந்துப்பூச்சியின் கூட்டுப்புழு ஒன்றை ஈரமண்ணில் இட்டுப் போத்தலில் மூடி வைத்தார். பூச்சியை எதிர்பார்த்த இடத்திலே பன்னம் முளைத்தது! ஆலைப்புகை சூழ்ந்த அந்நகரில், வெளியே நட்ட பன்னங்கள் அவருக்குப் பிழைத்ததில்லை. மூடிய போத்தலுக்குள்ளோ நீர் ஆவியாயிற்று, கண்ணாடியிற் படிந்தது, துளியாகி மண்ணுக்கே மீண்டது. சில ஆண்டுகள் யாரும் நீரூற்றாமலே அச்செடி வாழ்ந்தது. ஆகவே நீர் வார்த்தல் என்பது இழந்ததை ஈடுசெய்தலேயாம். இழப்பு இல்லாத இடத்தில் ஈடும் வேண்டியதில்லை.

அந்தப் போத்தல் பின்னர் கண்ணாடிப் பேழையாக வளர்ந்து கப்பலேறியது. 1833இல் அவ்வாறான இரு பேழைகளை வார்ட் சிட்னிக்கு அனுப்பினார்; செடிகள் உயிரோடு கரை சேர்ந்தன. நம் சப்பிரகமுவைக்கும் இதிலே பங்குண்டு. 1876இல் ஹென்றி விக்ஹாம் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 இறப்பர் விதைகளை இலண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டு சென்றார். முளைத்தவை மூவாயிரத்துக்கும் குறைவே. அவற்றுள் ஏறக்குறைய 1,900 நாற்றுகள் வார்ட் பேழைகளில் அதே ஆண்டு இலங்கைக்கு வந்தன; பெரும்பாலானவை வழியிற் பிழைத்தன. கம்பஹாவிலுள்ள ஹெனரத்கொடைத் தோட்டத்தில் அவை வேரூன்றின. இரத்தினபுரி, கேகாலை மலைச்சாரல்களில் இறப்பர் மரங்கள் அணிவகுத்து நிற்பதற்குப் பின்னே, தொட்டிச் செடிக்கு அளவறிந்து ஈரம் காத்த அக்கலை இருக்கின்றது. அம்மரங்களிலே விடியலிற் பால்வெட்டுவோரின் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும்போது இதனையும் சொல்லுதல் தகும்.

இனி, முறை. நாட்காட்டியைப் பார்த்து நீர் வார்க்கலாகாது. மண்ணைப் பார்த்து வார்த்தல் வேண்டும். ஆட்காட்டி விரலை முதற்கணு அளவு மண்ணிற் புதைத்தால் செய்தி தெரிந்து விடும். பன்னத்தின் மண் பிழிந்த துணிபோல் இருத்தல் நன்று: தொட்டாற் குளிர வேண்டும், சொட்டலாகாது. தொட்டியைத் தூக்கிப் பார்த்து எடையால் அறிதல் இன்னும் நல்லது; பழகிய கை பொய் சொல்லாது. வயலுக்குப் பாய்ச்சுகின்றோம், முற்றத்துக்குத் தெளிக்கின்றோம், தொட்டிக்கு வார்க்கின்றோம்; இச்சொல் வேறுபாட்டிலேயே முறை அடங்கியிருக்கின்றது. மெல்லிய தாரையாக, அடித்துளை வழியே கசியும்வரை வார்க்க. கால்மணி நேரம் கழித்துக் கீழ்த்தட்டில் தேங்கியதைக் கொட்டி விடுக. நாள்தோறும் மேலாகத் தெளிப்பது மேல்மண்ணை நனைத்து அடிவேரைப் பட்டினி போடும்.

மண் முற்றும் காய்ந்து விளிம்பை விட்டு விலகியிருந்தால், வார்க்கும் நீர் பக்கவாட்டில் ஓடி விடும். அப்போது தொட்டியை வாளி நீரிலே அமிழ்த்திக் குமிழி அடங்கும்வரை வைத்து, எடுத்து வடிய விடுதலே வழி. சுட்ட மண்தொட்டி தன் சுவராலும் நீரை இழக்கும், பிளாஸ்டிக் இழக்காது. ஒரே விறாந்தையில் அருகருகே இருந்தாலும் இரண்டுக்கும் ஒரே அளவு ஆகாது. தை, மாசியிலே வறண்ட காற்று வீசும்போது செடிகளை நிழலில் நெருக்கி வைத்தால் ஒன்றன் மூச்சு மற்றொன்றுக்கு ஈரமாகும். இலைமேல் நீர் விசிறுவது காண்பதற்கு இனிது. சிறிது நேரத்தில் உலர்ந்து விடுவதால் அதனாற் பெரும்பயன் இல்லை.

இத்தனையும் வீட்டுத் தோட்டம் உடையவருக்கு ஒரு பொழுதுபோக்கு. லயத்திலே வாழ்வோருக்கு அவ்வாறன்று. தமக்கென ஒரு சாண் நிலமும் உரிமையில்லாமல் தலைமுறைகள் கழிந்த இடத்திலே, காம்பராவின் வாசற்படியில் இருக்கும் பால்மாத் தகரமே தோட்டம். அத்தகரங்கள் பலவற்றுக்கு அடியிலே துளை இல்லை. ஆணியால் மூன்று துளையிடக் காசு ஒன்றும் செலவாகாது. நீரோ பீலியிலிருந்து சுமந்து வரப்படுவது. சுமப்பவள் பெரும்பாலும் பள்ளிக்குப் புறப்பட வேண்டிய சிறுமி. விரலை மண்ணில் வைத்து, ‘இன்று வேண்டாம்’ என்று அவள் அறிந்து கொள்வாளாயின், செடியும் பிழைக்கும். பீலிக்கு ஒரு நடையும் குறையும். கூரைத் தகட்டிலிருந்து வழியும் மழைநீரை ஒரு வாளியிற் பிடித்து மூடி வைத்தால், அடுத்த முறைக்கும் அது போதும்.