ஓட்டைக் காலணாவும் டோக்கன் உருண்டையும்

பெங்களூரில் நாணயம், தபால்தலை, பழம்பொருள் சேகரிப்போர் கூடும் கண்காட்சிகள் பல நடக்கின்றன. கெம்பேகவுடா சாலையில் உள்ள சிக்ஷக சதனம் இதற்குப் பேர்போன இடம். மெஜஸ்டிக்கில் பஸ்ஸை விட்டு இறங்கினால் நடந்தே போய்விடலாம். ரயில்வே பணியிலிருந்து ஓய்வு பெற்றபின் இப்படிப்பட்ட கண்காட்சி எது நடந்தாலும் நான் தவறுவதில்லை. "பழைய சாமானைப் பார்க்க ஒரு பழைய சாமான் கிளம்பிவிட்டது" என்பாள் என் மனைவி. சென்ற முறை போய்வந்ததைச் சங்க அன்பர்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

உள்ளே நுழைந்தால் வரிசை வரிசையாக மேஜைகள். கண்ணாடிப் பெட்டிகளுக்குள் காசுகள், பிளாஸ்டிக் உறைகளில் நோட்டுகள். திப்பு சுல்தான் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் அச்சடித்த, யானை பொறித்த செப்புக் காசை ஒருவர் பூதக்கண்ணாடியோடு காட்டினார். அடுத்து மும்மடி கிருஷ்ணராஜ உடையார் காலத்துச் செப்புக் காசு. அதில் கன்னட எழுத்தில் 'மயிலி காசு' என்று இருக்கிறது. நம் காசுதான் அங்கும் காசு!

எனக்குப் பிடித்தது ஓட்டைக் காலணா. போர்க்காலத்தில் உலோகத் தட்டுப்பாடு வந்தபோது 1943இல் நடுவில் துளையோடு வெளியிட்டார்கள். 1947 வரை வந்தது. வாஷர் கிடைக்காத நாளில் போல்ட்டுக்கு அதைத்தான் போடுவோம் என்று என் தகப்பனார் சொல்வார். 1957 ஏப்ரல் 1ஆம் தேதி நயா பைசா வந்தபோது அரையணாவுக்கு மூன்று பைசாவா, நான்கு பைசாவா என்று கடைத்தெருவில் சண்டை நடந்த கதையும் அவர் சொன்னதுதான். கணக்குப்படி அரையணா 3.125 பைசா. சண்டை வராமல் என்ன செய்யும்?

ஏமாற்றுச் சரக்குக்கும் குறைவில்லை. '1818' என்று ஆண்டு போட்டு, கிழக்கிந்தியக் கம்பெனி அரையணா என்று எழுதி, மறுபக்கம் ராமர் பட்டாபிஷேகமோ அனுமாரோ உள்ள காசு பல இடங்களில் விற்கிறது. கம்பெனி நிஜமாக வெளியிட்ட அரையணாச் செப்புக் காசு வேறு. அதில் சாமி உருவம் கிடையாது. சென்னையில் கம்பெனி அச்சடித்த வராகனில் கோபுரமும் பெருமாளும் உண்டு; அது வேறு வகை. இந்த '1818' காசு அரிசியை இழுக்கும், அதற்குக் கோடி ரூபாய் தருவார்கள் என்று சொல்லிப் பணம் பறிக்கும் கூட்டம் தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் பலமுறை போலீசில் சிக்கியிருக்கிறது. படித்தவர்களே ஏமாறுகிறார்கள் என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

பித்தளைச் சாமானிலும் இதே கதை. 'விக்டோரியா ஸ்டேஷன், லண்டன்' என்று எழுதிய சட்டைப்பை கடிகாரங்கள் குவியலாகக் கிடந்தன. ஒர்க் ஷாப்பில் பழகியவனுக்கு இதைக் கண்டுபிடிப்பது பெரிய வித்தையல்ல. புழங்கிய பொருள் கை படும் இடத்தில்தான் தேயும். கைப்பிடி, தாழ்ப்பாள், மூடியின் ஓரம். புளியும் அமிலமும் போட்டுப் பழசாக்கிய பொருள் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி கறுத்திருக்கும்.

கடைசி வரிசையில் தர்மபுரிப் பக்கத்து வியாபாரி ஒருவர் ரயில்வே பொருட்களாகவே பரப்பியிருந்தார். நம் தமிழைக் கேட்டதும் ஸ்டூலை இழுத்துப் போட்டார். கை விளக்கு, கார்டின் விசில், அட்டை டிக்கெட் கட்டுகள். 1830களில் இங்கிலாந்தில் தாமஸ் எட்மண்ட்சன் என்ற ஸ்டேஷன் மாஸ்டர் கண்டுபிடித்த அட்டை டிக்கெட்தான் கம்ப்யூட்டர் வரும்வரை நம் நாட்டிலும் ஓடியது. தேதி அச்சு இயந்திரத்தில் டிக்கெட்டைச் செருகும்போது வரும் 'டக்' என்ற சத்தம் நம்மில் பலருக்கும் காதில் இருக்கும்.

அவற்றுக்கு நடுவே இரண்டு டோக்கன் உருண்டைகள். விலைச் சீட்டு ஒட்டியிருந்தது.

இது என்ன என்று தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒற்றைப் பாதையில் எதிரெதிரே இரண்டு வண்டிகள் வந்துவிடக் கூடாது. அதற்காக அடுத்தடுத்த இரண்டு ஸ்டேஷன்களிலும் நீல்ஸ் டோக்கன் இயந்திரம் இருக்கும். இரண்டும் மின்கம்பியால் இணைந்தவை. அந்த ஸ்டேஷன் சம்மதித்தால்தான் இங்கே ஓர் உருண்டை வெளியே வரும். அது மறுபடி ஓர் இயந்திரத்துக்குள் போகும்வரை இரண்டு பக்கமும் வேறு உருண்டை வராது. வளையத்தில் கட்டிய பையில் அதை வைத்து டிரைவரிடம் கொடுப்பார்கள். உருண்டை கையில் இருந்தால்தான் அவர் வண்டியை எடுக்கலாம். அதன் மேல் இரண்டு ஸ்டேஷன்களின் குறியெழுத்தும் ஓர் எண்ணும் வெட்டியிருக்கும்.

வண்டிகள் ஒரு பக்கமாக அதிகம் ஓடினால் உருண்டைகள் ஒரே ஸ்டேஷனில் சேர்ந்துவிடும். சிக்னல் பிரிவு ஆள் போய்ப் பூட்டைத் திறந்து, எண்ணி எடுத்து, மறு ஸ்டேஷனில் போட வேண்டும். மீட்டர் கேஜ் காலத்தில் அது என் வேலை. ஒருநாள் நான் எண்ணி எடுத்து, பையில் போட்டு, டிராலியில் கொண்டுபோனோம். அங்கே எண்ணினால் ஒன்று குறைந்தது. பையைச் சுமந்தவர் என்னைவிட இருபது வயது மூத்த போர்ட்டர். "நீங்க போட்டதை அப்படியே கொண்டாந்தேன் சார்" என்றார். இருட்டும்வரை டிராலி வந்த பாதை நெடுகத் தேடினோம். கிடைக்கவில்லை.

விசாரணை நடந்தது. சரியாக எண்ணினேன் என்று நான் எழுதிக் கொடுத்தேன். அவருக்கு இரண்டு வருஷம் இன்கிரிமென்ட் நின்றது. அவர் என்னிடம் அதைப் பற்றிப் பிறகு ஒரு வார்த்தை கேட்கவில்லை. பார்க்கும்போதெல்லாம் பழையபடியே வணக்கம் சொன்னார். நான் ஒரு தடவைதான் எண்ணினேன், இரண்டாம் தடவை எண்ணவில்லை என்பதை எழுதிக் கொடுத்த தாளில் சேர்க்கவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. அவர் காலமாகிப் பல வருஷம் ஆகிறது.

1992இல் ஒரே அகலப்பாதைத் திட்டம் தொடங்கிய பிறகு, அந்தப் பாதையும் பிராட் கேஜ் ஆனது. இயந்திரங்கள் கண்டம் செய்யப்பட்டு உருண்டைகளோடு ஸ்கிராப் ஏலத்துக்குப் போயின. தொலைந்த உருண்டை பாதையோரப் புதரில் கிடந்து யார் கையிலாவது அகப்பட்டிருக்கலாம். அல்லது பைக்குள் போகாமலே எங்கள் இயந்திரத்தில் தங்கி, ஏலத்தில் மற்றவற்றோடு போயிருக்கலாம். இயந்திரத்தில் தங்கியிருந்தால் தவறு என்னுடையது.

ஆகையால் டோக்கன் உருண்டை எங்கே கண்டாலும் திருப்பி எழுத்தைப் படிப்பேன். அன்றும் படித்தேன். ஒன்று வடக்கே எங்கோ உள்ள பகுதி. மற்றொன்றில் எழுத்துத் தேய்ந்து, எண் மட்டும் தெரிந்தது. வேறு எண்.

"இதுக்கு பில் இருக்கா?" என்று கேட்டேன். இருந்தது, ஸ்கிராப் ஏலம் எடுத்தவர் கொடுத்த ரசீது. வாங்க நினைக்கும் அன்பர்கள் இதைக் கேட்டுப் பார்க்காமல் வாங்க வேண்டாம். திருட்டு ரயில்வே சொத்தை வைத்திருப்பது 1966ஆம் வருஷச் சட்டப்படி குற்றம். அதேபோல் நூறு வருஷத்துக்கு மேற்பட்ட பழங்காசு, சிலை முதலியவற்றை வெளிநாட்டில் உள்ள மகனுக்கோ மகளுக்கோ அனுப்ப 1972ஆம் வருஷத் தொல்பொருள் சட்டம் இடம் தராது.

"வாங்கறீங்களா ஐயா? விலையைப் பாத்துப் போட்டுத் தரேன்" என்றார் வியாபாரி.

வேண்டாம் என்றேன். ஒரு துண்டுத் தாளில் இரண்டு ஸ்டேஷன்களின் குறியெழுத்தையும் எண்ணையும் எழுதி, கீழே என் போன் நம்பரையும் போட்டுக் கொடுத்தேன். இது வந்தால் எந்த ஊர் ஏலத்திலிருந்து வந்தது என்று மட்டும் விசாரித்துச் சொல்லுங்கள், விலை நீங்கள் சொல்வதுதான் என்றேன்.

அவர் தாளை இரண்டு முறை படித்தார். கண்ணில் ஒரு மினுமினுப்பு. "அவ்வளவு அபூர்வமான பீஸுங்களா?" என்று கேட்டுவிட்டு, பர்ஸின் உள்ளறையில் அதைப் பத்திரமாக மடித்து வைத்துக்கொண்டார்.